லாபம், தூல், செத்

செப்டம்பர் 2, செவ்வாய்

கொரிய மொழியில் எண்கள் இரண்டு வரிசை. இதை முதலில் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிறகு சந்தேகம் வந்தால் இந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பொருளையோ ஆளையோ மாட்டையோ எண்ணும்போது ஹானா, தூல், செத், நெத். தேதி, விலை, மாடி, ரேக் நம்பர் இதற்கெல்லாம் இல், ஈ, சாம், சா. மணியைச் சொல்ல முதல் வரிசை, அதே மூச்சில் நிமிடத்தைச் சொல்ல இரண்டாவது வரிசை. மூன்று முப்பது என்றால் ‘செ சி சாம்சிப் புன்’. வீட்டில் இதை நைனாவிடம் சொன்னேன். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். “ஒரே கடியாரத்துக்கு ரெண்டு மேஸ்திரியா?” என்று கேட்டுவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு சொல் ஒட்ட வேண்டும். ஆளுக்கு மியொங், மிருகத்துக்கு மாரி, மெஷினுக்கு தே, பெட்டிக்கு சாங்ஜா. நாமும் இரண்டு பேர் என்கிறோம், மூன்று முழம் பூ என்கிறோம். அதனால் இது கஷ்டமில்லை என்று வகுப்பில் சொன்னேன். சொன்ன பிறகு, தெரிந்த மாதிரி பேசிவிட்டோமோ என்று தோன்றியது.

வகுப்பு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில். செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை ஆறரை மணி. ஒன்பது பேர் படிக்கிறோம். திவ்யா மிஸ்ஸுக்கு என்னைவிட மூன்று வயதுதான் அதிகம். மூன்றுக்கு ‘செத்’ என்று சொன்னதும் அரவிந்தன், “மூணு பேர் செத், மிச்சம் ஆறு பேர்தான் மிஸ்” என்றான். “சிரிச்சி முடிச்சிட்டா நாலுக்குப் போலாமா?” என்றார் மிஸ்.

நான் சேர்ந்த காரணத்தையும் எழுதி வைக்கிறேன். ஒரகடம் தாண்டி ஒரு கொரியக் கம்பெனியில் வேலை செய்கிறேன். காருக்குப் போகும் ரப்பர் வளையங்களைப் பார்த்துப் பெட்டியில் அடுக்கும் லைன். கான்ட்ராக்ட். பதினோரு மாதம் முடிந்ததும் கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு இந்த மாதம் முப்பதாம் தேதியோடு பதினோரு மாதம். ஆனால் ஸ்டோர்ஸில் எண்ணிக்கை பார்க்க, கம்பெனி ரோலில் ஓர் ஆள் எடுக்கிறார்கள். கொரியனில் எண்ணத் தெரிய வேண்டும். இருபதாம் தேதி டெஸ்ட். பேர் கொடுத்தது இரண்டு பேர், நானும் அரவிந்தனும். அவன் மோல்டிங்கில் அப்ரண்டிஸ், அவனுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

காலண்டரில் முப்பதை வட்டமிடவில்லை. வட்டமிட்டால் கண் அங்கேயே போகும்.

செப்டம்பர் 6, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பதினொன்றரைக்கு யூன் சார் ஒத்திகைக்குக் கூப்பிட்டார். அவர்தான் ஸ்டோர்ஸ் தலைவர். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘போதும்’, ‘சீக்கிரம்’, ‘சாப்பாடு’. நான் பெட்டியைத் தொட்டு எண்ணைச் சொல்ல வேண்டும், அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் தாளில் ஒரு டிக் அடிப்பார். முப்பது பெட்டி.

நான் முதல் பெட்டியைத் தொட்டு ‘லாபம்’ என்றிருக்கிறேன். அடுத்தது தூல், செத், நெத் என்று ஒழுங்காகப் போய் சொருனில் முடித்தேன். சொருன் என்றால் முப்பது. அவர் தாளில் இருபத்தொன்பது டிக். முதலில் சொன்னதை ‘ஆரம்பிக்கலாம்’ என்பதுபோல ஏதோ என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்கு அதைச் சொன்ன நினைவே இல்லை.

சொன்ன எண்ணும் தாளும் ஒத்துவரவில்லை என்றால் மொத்த லாட்டையும் நிறுத்த வேண்டும், அதுதான் விதி. முப்பது பெட்டியையும் பிரித்து, பெட்டிக்கு இருநூறு வளையம், லைனில் இருந்த எட்டுப் பெண்களும் எண்ணினோம். சாப்பாட்டு நேரம் போனது. இரண்டு இருபது பஸ்ஸும் போனது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

கேட்டவர் சூப்பர்வைசர் பாஸ்கர். “இன்னா பொண்ணே, லாபமா? நெல்லு அளக்குற களமா இது? உங்க நைனாவ மரக்கால எடுத்துக்கினு வரச் சொல்லட்டா?” என்றார். லாரி ஆட்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று பஸ் இல்லாமல் நடந்தபோது முழுக்க யோசித்தேன்.

எங்கள் பக்கத்தில் நெல் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள், அடுத்தது இரண்டு. இப்போது மரக்கால் பரணில் கிடக்கிறது, மூட்டையாகத்தான் எண்ணுகிறோம். ஆனாலும் முதல் மூட்டை லாபம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் திருப்புலிவனம் வீட்டு மூட்டைகளை எண்ணுவது நான்.

செப்டம்பர் 8, திங்கள்

ஸ்டோர்ஸ் கதவில் நோட்டீஸ். ‘எண்ணும்போது லாபம் என்று சொல்லக் கூடாது. மீறினால் கேட் பாஸ் ரத்து. - சூப்பர்வைசர்.’ எனக்கு மட்டுமில்லை, லாரியிலிருந்து பெட்டி இறக்கும் ஆட்களுக்கும். அவர்கள் தங்களுக்குள் எண்ணி மொத்தத்தை மட்டும் பாஸ்கர் சாரிடம் சொல்கிறவர்கள். தென்னேரி வீராசாமி அண்ணன் நோட்டீஸை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “உன்னாலதானாம்மா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

மூன்று நாள் பயிற்சியின் கணக்கு.

தாளைப் பார்த்துச் சொன்னது: இருபது தடவை. இருபதும் ஹானா.

துணி கிளிப்பைத் தொட்டு எண்ணியது: இருபது தடவை. பதினேழு முறை லாபம்.

அதாவது எனக்கு ஹானா தெரியும். கையில் ஒரு பொருள் பட்டால் மறந்துவிடுகிறது. இப்படிப்பட்டவள் எண்ணிக்கை வேலைக்குப் போகலாமா என்று தெரியவில்லை.

வகுப்பில் சொன்னேன். திவ்யா மிஸ் சிரிக்காமல் கேட்டார். “வாய் கொரியன் கத்துக்கினுச்சி, உன் கை இன்னும் கத்துக்கல. இடது கையால எண்ணிப் பாரு. அந்தக் கை மூட்டையே தொட்டிருக்காது.” அங்கேயே மேஜையில் இருந்த சாக்பீஸ்களை இடது கையால் தொட்டு எண்ணினேன். ஹானா, தூல், செத். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

“பாஸ்னு எழுதிக்கோ,” என்றான் அரவிந்தன். “இனிமே எனக்குத்தான் பேஜார்.”

சந்தோஷமாக இருந்தது. அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்து வருவது வேறு மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சொர்ணவாரிப் பருவத்து நெல் மூட்டை பிடித்தோம். இதுவும் பயிற்சிதானே என்று இடது கையை வைத்து, வாய்க்குள் ஹானா தூல் என்று எண்ணினேன். வண்டியில் ஏற்றி முடித்ததும் அறுபத்தொன்று என்றேன். நைனா அறுபத்திரண்டு என்றார். திரும்ப எண்ணினோம், அறுபத்திரண்டுதான்.

“நீ எண்ணித் தப்பானது இதான் மொத வாட்டி, எழிலு,” என்றார். திட்டவில்லை. தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் தள்ளிவிட்டு, “ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று மட்டும் கேட்டார்.

எங்கே விட்டேன் என்று யோசித்தேன். முதல் மூட்டையில்தான். அது தோளில் ஏறும்போது ஒரு சொல் வர வேண்டிய இடத்தில் சும்மா நின்றிருக்கிறேன், இரண்டாவது ஏறும்போது ஹானா சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

லாரிச் சரக்கு இறக்கியதற்கான பாஸ்கர் சாரின் தாள்களைப் பார்த்தேன். அவை கதவுக்குப் பக்கத்தில் கிளிப்பில் தொங்கும், யாரும் பார்க்கலாம். நோட்டீஸுக்கு முந்தைய மூன்று வாரம்: லாரி ஆட்கள் சொன்ன மொத்தத்தில் ஒரு தவறும் இல்லை. நோட்டீஸுக்குப் பிந்தைய ஏழு வேலை நாள்: நான்கு தவறு. நான்கிலும் ஒரு பெட்டி குறைவாகச் சொல்லியிருக்கிறார்கள். திரும்ப எண்ணினால் சரியாக இருந்திருக்கிறது.

நான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று இன்னொரு முறை பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

வீராசாமி அண்ணனிடம் கேட்டேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார். “மொதப் பொட்டிக்கு வாய் தொறந்துக்குதும்மா. அப்பறம் நோட்டீஸு ஞாபகம் வருது, மூடிக்கிறேன். அதுக்குள்ள பொட்டி எறங்கிடுது. அடுத்ததுக்குத்தான் ஒண்ணுன்றேன். முப்பது வருசமா எண்ணிக்கினு கீறேன், இப்பதான் எண்ணத் தெரியாதவனாயிட்டேன்.”

பாஸ்கர் சாரிடம் போய்ச் சொன்னேன். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன். “சார், நோட்டீஸ் ஒட்டினதுல இருந்து நாலு தப்பு. அதுக்கு முன்ன ஒண்ணுகூட இல்ல.”

“எழுதி வெச்சிருக்கியா?”

“ஆமா சார்.”

“டெஸ்ட்டுக்குப் படிக்கிறத வுட்டுட்டு எனக்கு ஆடிட் பண்றியா? முப்பதாந்தேதி வூட்டுக்குப் போவும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கினு போ.”

வெளியே வந்து கொஞ்ச நேரம் ரேக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழக்கூடாது என்பதற்காகத்தான் பார்த்தேன். பதினோரு மாதமாகத் தினமும் பார்க்கிற ரேக்குகள். மேலே பெரிய எழுத்தில் 1, 2, 3, அடுத்தது எஃப், பிறகு 5. எஃப் என்றால் ஃபினிஷ் ஆன சரக்கு என்று நினைத்திருந்தேன். அதிலும் வெறும் வளையம்தான் இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

மிஸ்ஸிடம் கேட்டேன்.

“அவங்களுக்கு நாலு ஆகாது. கெட்ட நம்பர். அங்க லிஃப்ட்லகூட நெறைய எடத்துல நாலுக்குப் பதிலா இங்கிலீஷ் ஃபோரோட எஃப்தான் போட்டிருப்பாங்க.”

“அதனால மாடி கொறஞ்சி போயிடுச்சின்னு யாராவது சொல்றாங்களா மிஸ்?”

மிஸ் என்னை உற்றுப் பார்த்தார். “எழில், நாளைக்கி டெஸ்ட்.”

“தெரியும் மிஸ். ‘முதலாவது லாபம். லாபம்னா ஹானா.’ இத எப்படிச் சொல்றது?”

அரவிந்தன் பேனாவைக் கீழே போட்டுவிட்டான். “ஏய், உனக்குத்தான் இடது கை வந்துடுச்சே. பேசாம ஹானான்னு சொல்லிட்டு சீட்ல குந்து. உள்ள போனப்பறம் நோட்டீஸக் கிழி, போஸ்டர் ஒட்டு, இன்னா வேணா பண்ணு.”

அவன் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டம். நான் சொன்னது இது. “உள்ள போறதுக்கு முன்ன சொல்லாதத உள்ள போனப்பறம் சொல்லுவேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல.”

மிஸ் பலகையில் எழுதினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ‘சொத் பொன்ஜேனுன் லாபம் இம்னிதா. லாபமுன் ஹானா இம்னிதா.’ பதினைந்து தடவை சொல்லிப் பார்த்தேன்.

செப்டம்பர் 20, சனி

இரண்டரைக்கு டெஸ்ட். யூன் சார், பாஸ்கர் சார், அலுவலகத்திலிருந்து கீதா மேடம். லாரி இல்லாததால் வீராசாமி அண்ணனும் இரண்டு பேரும் கதவோரம் நின்றார்கள்.

அரவிந்தன் முதலில். நாற்பத்தேழு பெட்டி. ஓடுகிற தண்ணீர் மாதிரி எண்ணினான். மாஹுன் இல்கொப் சாங்ஜா. நாற்பத்தேழு டிக்.

எனக்கு வேறு அடுக்கு. போகும்போது பாஸ்கர் சார் காதருகே, “லாபம் கிபம்னு வாயத் தொறந்த, அப்படியே கேட்டுக்குப் போயிடு,” என்றார்.

இடது கை தானாக எழுந்தது. ஒன்பது நாள் பழக்கம். அதை இறக்கி ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டேன். வலது கையை முதல் பெட்டியின் மேல் வைத்து, யூன் சாரைப் பார்த்து அந்த இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன். இரண்டாவதில் கொஞ்சம் திக்கியது.

“சார், நோ, நோ,” என்று பாஸ்கர் சார் முன்னால் வந்தார். “திஸ் கேர்ள், வில்லேஜ் ஹாபிட்…”

“போதும்,” என்றார் யூன் சார். பாஸ்கர் சாரிடம்தான்.

நான் சொன்னேன், “லாபம்.”

பேனா தாளின் மேல் நின்றது. டிக் விழவில்லை. நான் இரண்டாவது பெட்டிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

“வே?” என்றார். ஏன் என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்த கொரியன் கொஞ்சம்தான். இருக்கிறது என்பதற்கு இஸொயோ, இல்லை என்பதற்கு ஒப்சொயோ. ரேக்குகளைக் கை காட்டினேன். ரேக் என்பதால் இரண்டாவது வரிசை எண்.

“இல், ஈ, சாம், எஃப், ஓ. சா ஒப்சொயோ. எஃப் இஸொயோ.”

பிறகு பெட்டியைத் தட்டினேன்.

“ஹானா ஒப்சொயோ. லாபம் இஸொயோ.”

யூன் சார் திரும்பி எஃப்பைப் பார்த்தார். அவரே ஒட்டச் சொன்னதாக இருக்கலாம், இல்லை அவருக்கு முன்னால் இருந்தவராக இருக்கலாம். அவமானப்படுத்திவிட்டேனோ என்று அப்போதுதான் பயம் வந்தது. ஒவ்வொரு ரேக்காகப் பேனாவை நீட்டி நீட்டி எண்ணினார். எஃப் வந்தபோது பேனா நிற்காமல் தாண்டிப் போனது. “தாசொத்,” என்றார். ஐந்து.

“தாசொத்,” என்றேன் நானும்.

அவர் தாளைப் பார்த்துக் குனிந்து முதல் கட்டத்தில் டிக் அடித்தார்.

அதன் பிறகு தூல், செத், நெத். ஷ்வின் தூ சாங்ஜா. ஐம்பத்திரண்டு பெட்டி, ஐம்பத்திரண்டு டிக்.

“ஃபெயில் மேடம்,” என்றார் பாஸ்கர் சார். “ஹானா சொல்லவே இல்ல. நோட்டீஸ் வேற போட்டிருக்கேன்.”

கீதா மேடம் டெஸ்ட் தாளைப் புரட்டினார். “இங்க ‘எண்ணிக்கை சரியா’ன்னுதான் கேட்டிருக்கு. சரியா சார்?”

“மஜாயோ,” என்றார் யூன் சார். சரி.

அப்போது என் நோட்டில் இருந்த கணக்கைத் தனித்தாளில் எழுதி வைத்திருந்ததை மேடத்திடம் கொடுத்தேன். முன்னால் மூன்று வாரம், தவறு இல்லை. பின்னால் பத்து வேலை நாள், நேற்று வரை, தவறு ஐந்து. தேதியும் லாரி நம்பரும் பக்கத்திலேயே. பாஸ்கர் சார் கையை நீட்டினார். மேடம் கொடுக்கவில்லை, மடித்து ஃபைலில் வைத்தார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியாக யூன் சார் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். இரண்டு ஐம்பது. அரவிந்தன் தன் முறை வந்தபோது மணியைச் சரியாகச் சொல்லியிருந்தான். நான் ‘தூ சி’ வரை சரியாகச் சொல்லிவிட்டு, வாயில் ஷ்வின் இன்னும் ஒட்டியிருந்ததால் நிமிடத்துக்கும் அதையே சொன்னேன். நிமிடத்துக்கு ஓசிப் சொல்ல வேண்டும். முதல் நாள் எழுதிய பக்கத்திலேயே இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

காலை எட்டேகாலுக்கு பாஸ்கர் சார் கார்டு கொண்டுவந்தார். பச்சை நிறம், கம்பெனி ரோல்.

“மூணு மாசம் ட்ரையல்தான். ரொம்பத் துள்ளாத.”

“சரி சார்.”

“அந்தாளு மணிகூடச் சொல்லத் தெரியாதவளப் போயி எடுத்துக்கீறான்.”

“படிச்சிடுவேன் சார். நோட்டீஸ எடுத்துடட்டா?”

“நான் ஒட்டினது. நான் எடுக்க மாட்டேன்.”

“நான் எடுக்கட்டான்னுதான் கேட்டேன் சார்.”

அவர் லைன் பக்கம் நடந்தார். கூடாது என்று சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். மீறினால் கேட் பாஸ் ரத்து என்று எழுதியிருந்ததை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டு, நான்கு மூலை டேப்பையும் நகத்தால் கிளப்பி எடுத்தேன். கிழியாமல் வந்தது. மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

யூன் சார் ஏன் என்னை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. எஃப்புக்காகவா, மேடத்திடம் கொடுத்த தாளுக்காகவா, லாரி ஆட்களோடு எண்ண அவர்கள் பக்கத்து ஆள் வேண்டும் என்பதாலா? கேட்கும் அளவுக்குக் கொரியன் வந்ததும் கேட்பேன். அரவிந்தன் வாட்ஸ்அப்பில் ஒரு கடிகாரப் படம் மட்டும் அனுப்பியிருந்தான்.

எட்டே முக்காலுக்கு முதல் லாரி. நான் தாளோடு கதவில் நின்றேன். யூன் சார் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீராசாமி அண்ணன் முதல் பெட்டியைத் தோளில் வாங்கி, கதவில் டேப் இருந்த நான்கு தடங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

“இன்னாம்மா சொல்றது?”

“தெரிஞ்சதச் சொல்லுண்ணா. நான் கீறேன்.”

அவர் யூன் சாரை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியை இறக்கி வைத்து, அதன் மேல் கையை அழுத்தி, ஷெட் முழுக்கக் கேட்கும்படி, “லாபம்,” என்றார்.

முதல் கட்டத்தில் டிக் அடித்தேன்.